பன்னிரண்டு சனிக்கிழமைகளும் ஒரு தூசியும்

சோடாபுட்டிக்கு அந்தப் பெயரை வைத்தது அவளுடைய வகுப்பு. மூக்குக்கண்ணாடியின் கனம் அப்படி. அதைக் கழற்றிவிட்டால் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய பெண், போயும் போயும் புகைப்படக் கலை படிக்கச் சேர்ந்திருந்தாள். சேர்ந்த அன்றே வகுப்பு வயிறு வலிக்கச் சிரித்து முடித்துவிட்டதால், மூன்றாம் வருடத்தில் யாரும் சிரிப்பதில்லை. அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

கடைசி வருடத்து புராஜெக்டுக்கு ஆசிரியர் கொடுத்த தலைப்பு, 'கடலும் மனிதன் கை வைத்த நிலமும்'. ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் ஃபிக்ஸர். இருட்டறையில் படம் கழுவும் மருந்துகளில் ஒன்றின் பெயர் அது. முப்பது வருடமாக அதில் கையை விட்டு விட்டு, மனிதர் மேல் ஏறிய வாடை எந்தச் சோப்புக்கும் மசிவதாயில்லை. அவர் வருவதைக் காதுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும்.

"சூரியன் கடல்ல முங்குற படத்தை எடுத்துக்கிட்டு யாராவது வந்தீங்க, உங்களையும் கொண்டுபோய் அங்கேயே முக்கிட்டு வந்துருவேன்" என்றார் முதல் நாளே. "மனுஷன் பண்ணின அட்டூழியம் தெரியணும். ஆனா மனுஷன் தெரியக் கூடாது. தடம் இருக்கணும், ஆள் இருக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

எல்லோருக்கும் புரிந்தது. ஒருத்தி உப்பளத்துக்கு ஓடினாள். ஒருவன் துறைமுகத்துக்கு ஓடி, காவலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு அதே வேகத்தில் திரும்பி ஓடி வந்தான். ட்ரோன் வைத்திருந்த பையன் ஒரே மத்தியானத்தில் ட்ரோனைக் கடலுக்கே தாரைவார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து தத்துவம் பேசத் தொடங்கினான். சோடாபுட்டி எங்கேயும் ஓடவில்லை. அவள் வீட்டிலிருந்து கடல் இரண்டு தெரு தள்ளி இருந்தது. நிலத்தின் மேல் கை வைத்த மனிதர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். அது அவளுடைய அம்மா.

அம்மா கடலோர யார்டில் மேஸ்திரி. அங்கே சிமெண்ட் கலவையை இரும்பு அச்சுகளில் ஊற்றி, ஆளுயரத்துக்கும் மேலே நாலு பக்கமும் கால் நீட்டிக்கொண்டு நிற்கும் கல்லாக வார்த்து எடுப்பார்கள். நாலுகால் கல் என்று பெயர். அதைக் கிரேனில் தூக்கி, ஒன்றின் காலிடுக்கில் இன்னொன்று மாட்டும்படி கரையோரமாக அடுக்கிக்கொண்டே போனால் அதுதான் கடல் சுவர். அலை வந்து மோதும், இடுக்குகளில் புகுந்து சிதறும், சோர்ந்துபோய்த் திரும்பும். ஒன்பது வருடமாக அம்மா வார்த்த சுவர் இரண்டு கிலோமீட்டருக்கு நீண்டிருந்தது. யார்டில் முப்பது ஆண்கள் மஞ்சள் ஹெல்மெட் போட்டிருப்பார்கள். அத்தனை பேரையும் ஆட்டிவைக்கும் வெள்ளை ஹெல்மெட் ஒன்றே ஒன்று, அது அம்மாவின் தலையில் இருக்கும். கலவை மெஷினுக்கு மேலாகக் கத்திக் கத்தி அம்மாவின் குரலும் அதற்கேற்றாற்போல் ஆகிவிட்டது. வீட்டில் அம்மா உப்பு எங்கே என்று கேட்டால் அடுத்த தெருவில் இருப்பவர்கள் உப்பைத் தேடுவார்கள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். மேலே போவதும் கீழே வருவதுமாக இருக்கும் தொழில் என்பதாலோ என்னவோ, அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை வந்தால் எந்த மாடியிலும் நிற்க மாட்டார்.

சோடாபுட்டியின் யோசனை எளிமையானது. ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில், ஒரே கோணத்தில், வாரம் ஒரு படம். கல்லூரி அலமாரியில் பழைய பெரிய கேமரா ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் போடும் உள்ளங்கை அகல ஃபிலிம் தாள் ஒரு பெட்டி மிச்சம். பெட்டியில் பன்னிரண்டு தாள். ஆகவே பன்னிரண்டு சனிக்கிழமைகள். தப்பு நடந்தால் இன்னொரு தடவை எடுக்க வழி கிடையாது.

இடத்தையும் கண்டுபிடித்துவிட்டாள். யார்டுக்குப் பக்கத்தில் மூடிக்கிடந்த ஐஸ் ஃபாக்டரியின் மொட்டை மாடி. அங்கிருந்து பார்த்தால் வலது பக்கம் சுவர் வந்துகொண்டிருக்கும். இடது பக்கம் இன்னும் சுவர் எட்டாத ஒரு துண்டு மணல் மிச்சமிருக்கும். சின்ன வயதில் அவள் குழி தோண்டி விளையாடிய மணல். வாரா வாரம் சுவர் அதைத் தின்னும். அவள் வாரா வாரம் அதைப் படம் பிடிப்பாள். ஆள் தெரியக் கூடாது என்று ஃபிக்ஸர் சொன்னதால், யார்டில் எல்லோரும் கொட்டகைக்குள் சாப்பிடப் போகும் பன்னிரண்டரை மணியைத் தேர்ந்தெடுத்தாள். அடடா, என்ன திட்டம் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

ஒரே ஒரு சிக்கல். ஐஸ் ஃபாக்டரி இப்போது யார்டின் சிமெண்ட் கிடங்கு. சாவி அம்மாவின் இடுப்பில்.

"மாடிச் சாவியா? எதுக்குடி?"

"புராஜெக்டுக்கும்மா. உன் வேலையைத்தான் படம் எடுக்கப் போறேன்."

இதில் பொய் எதுவும் இல்லை. இருந்தும் சொல்லி முடித்ததும் சோடாபுட்டிக்கு என்னவோ போலிருந்தது. ஏனென்றால் அம்மா சட்டென்று அமைதியாகிவிட்டாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, "எத்தனை வாரம்?" என்று கேட்டாள்.

"பன்னெண்டு. சனிக்கிழமை சனிக்கிழமை, சாப்பாட்டு நேரத்துல."

"சாப்பாட்டு நேரத்துலயா?" என்ற அம்மா, தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, "சரி, சரி" என்றாள்.

படத்தோடு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்பது கல்லூரி விதி. சோடாபுட்டி மூன்றாவது வாரமே அதை எழுதி முடித்துவிட்டாள். தலைப்பு, 'தின்னும் சுவர்'. சுவர் போட்ட இடத்தில் வீடு தப்பிக்கிறது, சுவர் முடிகிற இடத்தில் கடல் மணலைக் கடிக்கிறது, கடித்த இடத்தில் மறுபடி சுவர் போடுகிறார்கள் என்றெல்லாம் விளக்கிவிட்டு, கடைசி வரியில் கொஞ்சம் மேளம் கொட்டியிருந்தாள்: 'இந்தச் சுவரைக் கட்டுகிறவர்கள் கடலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.' ஃபிக்ஸர் அதைப் படித்துவிட்டு, "இது வரி!" என்று மேசையைத் தட்டினார். அவர் மேசையைத் தட்டினால் பாஸ் என்பது மூன்று வருடத்து அனுபவம்.

பதினொரு வாரம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. சனிக்கிழமை எடுப்பாள், சாயங்காலம் கழுவுவாள், ஃபிலிம் அளவிலேயே ஒரு சின்ன பிரிண்ட் போட்டு நோட்டில் ஒட்டிக்கொள்வாள். முதல் வாரம் நூறடி அகலத்துக்கு இருந்த மணல், ஆறாவது வாரம் பாதியாயிற்று. பதினொன்றாவது வாரம் இரண்டடிதான் மிச்சம். சுவரிடுக்கில் ஒரு உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி சொருகிக் கிடந்தது. எந்த அலையும் அதைப் பிடுங்கவில்லை. பதினொரு படத்திலும் அது அதே இடத்தில் இருந்தது. சோடாபுட்டிக்கு அந்த நாற்காலியைப் பெற்ற பிள்ளை மாதிரிப் பிடித்திருந்தது.

பன்னிரண்டாவது சனிக்கிழமை மாடியேறி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கேமராவின் கண்ணாடியைப் பார்த்தவள், தலையை வெளியே இழுத்து நேரிலேயே பார்த்தாள். வேறு ஏதோ ஊரைப் பார்ப்பதுபோல் இருந்தது.

நாற்காலியைக் காணவில்லை. சுவரின் முன்வரிசைக் கற்களுக்கெல்லாம் பளிச்சென்று சுண்ணாம்பு அடித்திருந்தது. ஒரு லாரி மணலைக் கொண்டுவந்து கொட்டிப் பரப்பி, அந்தத் துண்டுக் கடற்கரையை மறுபடி இருபதடிக்கு உண்டாக்கி, விளக்குமாற்றால் கோடு வேறு போட்டிருந்தார்கள். அதன் மேல் முப்பது மஞ்சள் ஹெல்மெட்டுகள் இரண்டு வரிசையாக நின்றன. கிரேன் டிரைவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு, விறைப்பாக, மூச்சுவிடாமல் நின்றார். நடுவில் வெள்ளை ஹெல்மெட். வெள்ளை ஹெல்மெட் மாடியைப் பார்த்துக் கையை ஆட்டி, "நாங்க ரெடிடீ! எடு!" என்றது. அது மாடிக்கு மட்டும் கேட்டது என்று சொல்ல முடியாது.

சோடாபுட்டி மூன்று மாடியையும் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. மூச்சிரைக்க அம்மா முன்னால் போய் நின்றாள்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே?"

"கடைசி வாரமாச்சேன்னு கொஞ்சம் சுத்தம் பண்ணினோம். காலையில அஞ்சு மணிக்கே வந்துட்டோம். எப்பிடி இருக்கு?"

"அந்த நாற்காலி எங்க?"

"அந்தக் குப்பையா? அது படத்துல விழுந்தா அசிங்கமா இருக்காதா?"

"அந்தக் குப்பைதாம்மா படம்! மணல் போயிட்டே இருக்குன்னு பதினொரு வாரமா காட்டிட்டு வரேன், நீ லாரில கொண்டுவந்து கொட்டி வச்சிருக்கே! எங்கிட்ட ஒரே ஒரு தாள்தான் இருக்கு, திங்கக்கிழமை பரீட்சை!"

"மணல் போறது எனக்குத் தெரியாதா? இதையும் சாயங்காலத்துக்குள்ள கடல் எடுத்துட்டுப் போயிடும். நீ விளையாடின இடமாச்சே, ஒரு படத்துக்காவது நிக்கட்டும்னு கொட்டினேன்."

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சோடாபுட்டிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தலைக்கேறினால் அவளுக்கும் அம்மா குரல்தான் வரும்.

"உன் சுவரைத் திட்டுறதுக்குத்தாம்மா நான் பதினொரு வாரமா படம் எடுக்கறேன்! உனக்குப் புரியலையா? நீங்க எல்லாரும் சேர்ந்து கடற்கரையைத் தின்னுட்டீங்கன்னு சொல்றதுக்குத்தான் எடுக்கறேன்!"

முப்பது பேருக்கும் கேட்டது. கிரேன் டிரைவர் விறைப்பைத் தளர்த்திவிட்டுத் தன் செருப்பைப் பார்த்தார். அம்மா முகத்தில் ஈயாடவில்லை. 

"ரெண்டு தடவை அலை வீட்டுக்குள்ள வந்து அடுப்பை அணைச்சுட்டுப் போச்சு. உனக்கு அப்போ நாலு வயசு. மறந்திருப்பே" என்றாள். பிறகு, "சரி. மேல போய் எடு. ஆளுங்க வெயில்ல நிக்கிறாங்க."

சோடாபுட்டி மாடியேறினாள். இந்தப் படத்தை எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் நிலையில்கூட அவள் இல்லை. பன்னிரண்டு படம் தருவதாக எழுதிக் கொடுத்தாகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள். கேமராவின் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும் என்பதால், அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று பார்க்காமல் இருக்க வசதியாகப் போயிற்று.

அன்று வீட்டில் அம்மா உப்பு எங்கே என்று கேட்டது அடுத்த அறைக்குக்கூடக் கேட்கவில்லை. அப்பா பயந்துபோய், உப்பு ஜாடியோடு இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றார். "என்ன ஆச்சு உங்களுக்கு? கத்துங்களேன்" என்று கெஞ்சினார். யாரும் கத்தவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சோடாபுட்டி கல்லூரி இருட்டறைக்குப் போய்விட்டாள். பெரிய பிரிண்ட் போடும் வேலையில் ஏழு மிச்சம் இருந்தது. முதல் ஐந்தைப் போன வாரமே போட்டு, காயவைத்து, தூசி எடுத்து முடித்திருந்தாள். தூசி எடுப்பது இப்படி: பிரிண்டில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் நெகட்டிவ் மேல் தூசி உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம். அதற்கென்று மெலிந்த தூரிகையும் கறுப்பு மையும் உண்டு. மையைத் தண்ணீர்விட்டு இளக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு புள்ளி மேல் ஒற்றினால், புள்ளி சுற்றியிருக்கும் சாம்பல் நிறத்தோடு கலந்து காணாமல் போய்விடும். இந்த வேலையில் வகுப்பிலேயே அவளை அடிக்க ஆளில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடித் தேடி அழித்திருந்தாள்.

ஆறாவது பிரிண்ட் மருந்துத் தட்டில் மெல்ல எழுந்து வந்தது. சிவப்பு விளக்கில் குனிந்து பார்த்தவள் பல்லைக் கடித்தாள். மணல் துண்டின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

போன வாரம் அழித்த ஐந்திலும் இதே மணலில்தான் ஒரு புள்ளி இருந்தது. சனியன், இது எங்கேயிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது? நெகட்டிவை எடுத்து ஊதினாள், மெல்லிய பிரஷ்ஷால் தட்டினாள், மறுபடி ஊதினாள். இன்னொரு தாளைப் பலிகொடுத்து மறுபடி பிரிண்ட் போட்டாள். புள்ளி அசையாமல் அதே இடத்தில் இருந்தது. கடுப்பாகி, நெகட்டிவை விளக்குப் பெட்டி மேல் போட்டு, பூதக்கண்ணாடியை வைத்து, அதன் மேல் தன் சோடாபுட்டிக் கண்ணாடியையும் வைத்துப் பார்த்தாள்.

தூசிக்குக் கால் இருந்தது.

நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகத் தெரியும். ஒரு கறுத்த ஹெல்மெட், அதற்குக் கீழே குட்டியாக ஒரு உடம்பு, நீட்டிய இரண்டு கால். பக்கத்தில் கழற்றி வைத்த பூட்ஸ். மடியில் சாப்பாட்டு டப்பா. யார்டில் முப்பது பேரும் கொட்டகைக்குள் சாப்பிடும்போது, ஒரே ஒரு ஆள் மட்டும் மணலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அம்மா.

மற்ற நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். பதினொன்றிலும் இருந்தாள். முதல் வாரம் அகன்ற மணலில் காலை அகட்டிக்கொண்டு சொகுசாக உட்கார்ந்திருந்தாள். ஏழாவது வாரம் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். பத்தாவது வாரம் சுவரை ஒட்டி ஒடுங்கியிருந்தாள். பதினொன்றாவது வாரம் உட்கார இடமில்லை. பூட்ஸை இடுக்கில் சொருகிவிட்டு, தண்ணீரில் நின்றபடியே டப்பாவைக் கையில் ஏந்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சோடாபுட்டிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பெற்ற தாயைத் தூசி என்று நினைத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஐந்து தடவை மை வைத்து அழித்திருக்கிறோம் என்பதை நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. முதல் வாரத்துப் பிரிண்டைத் தண்ணீரில் போட்டு மையைக் கழுவப் பார்த்தாள். புள்ளி அளவு இருந்த மை பொட்டு அளவுக்குப் பரவியதுதான் மிச்சம். இனிப் பிரிண்ட் போடத் தாளும் கிடையாது. கையிலிருந்தவை மீதி ஆறு படத்துக்கே சரியாகப் போயிற்று.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் போய் நின்றாள். நெஞ்சுக்குள் என்னென்னவோ இருந்தது. வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "நாளைக்குப் பத்து மணிக்குக் காலேஜ்ல படத்தை மாட்டுறாங்க."

"எனக்குக் கலவை இருக்கு" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை காலை ஃபிக்ஸரைப் பிடித்தாள். "சார், நான் எழுதிக் கொடுத்ததுல கடைசி வரியை மாத்தணும்."

"வெள்ளிக்கிழமையே வெளித்தேர்வாளர் கைக்குப் போயாச்சு. இனிமே அது உன் வாக்குமூலம். அதை நீயே தப்புன்னு சொன்னா புராஜெக்ட் முடியலைன்னு அர்த்தம். முடியலைன்னா இன்னொரு வருஷம். என் மூஞ்சியை இன்னொரு வருஷம் பார்க்கணும்னு உனக்கு ஆசையா?"

"படத்துல ஆள் வேற இருக்கு சார்."

ஃபிக்ஸர் மூக்கை ஆறாவது பிரிண்ட் வரை கொண்டுபோய்ப் பார்த்தார். "இந்தப் புள்ளியா? கேட்டா தூசின்னு சொல்லிடு. பன்னெண்டாவதை மட்டும் எப்பிடிச் சமாளிக்கப் போறேன்னு யோசி. அது என்ன, கம்பெனி ஆண்டு விழாவா?"

வெளித்தேர்வாளர் ஒரு குள்ளமான அம்மாள். பார்வை மட்டும் ஊசி. ட்ரோன் பையனின் தத்துவத்திலிருந்து இரண்டே கேள்வியில் காற்றைப் பிடுங்கிவிட்டு, சோடாபுட்டியின் படங்கள் மாட்டிய சுவர் முன்னால் வந்து நின்றாள். பன்னிரண்டு படத்தையும் பார்த்தாள். பிறகு கையிலிருந்த தாளை விரித்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் தடதடவென்று பூட்ஸ் சத்தம். ஆரஞ்சுக் கோட்டு, கக்கத்தில் வெள்ளை ஹெல்மெட், பளபளத்த தரையில் சிமெண்ட் தடம் பதிய அம்மா வந்தாள். பின்னாலேயே இஸ்திரிச் சட்டையோடு கிரேன் டிரைவர். ஃபிக்ஸர் தரையைப் பார்த்தார். மனிதன் கை வைத்த நிலம் என்ற தலைப்பைக் கொடுத்தவர், கால் வைத்ததைப் பார்த்து முகம் சுளித்தார்.

தேர்வாளர் யாரையும் கவனிக்காமல் உரக்கப் படித்தாள். "'இந்தச் சுவரைக் கட்டுகிறவர்கள் கடலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.' நல்லா எழுதியிருக்கே. எப்பிடித் தெரியும் உனக்கு?"

சோடாபுட்டி ஃபிக்ஸரைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே இன்னொரு வருடத்தைக் காட்டினார். அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஹெல்மெட்டை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

"அந்த வரி பொய் மேடம்" என்றாள் சோடாபுட்டி. பிறகு கனைத்துக்கொண்டு, அம்மா குரலில், கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "நான்தான் சரியா பார்க்கல. ஆறாவது படத்துலேர்ந்து மணல்ல ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கு பாருங்க. அது எங்கம்மா. சுவரைக் கட்டுறவங்க அவங்கதான். வாரா வாரம் கடல்கிட்ட உக்காந்துதான் சாப்பிடறாங்க. முதல் அஞ்சு படத்துலயும் இருந்தாங்க. தூசின்னு நினைச்சு நான் மை வச்சு அழிச்சுட்டேன். பன்னெண்டாவது படத்துல இருக்கிற கடற்கரை ஒரு லாரி மணல். கொட்டினதும் அவங்கதான். இப்போ அங்க அதுவும் இல்ல."

ஃபிக்ஸர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அம்மா படங்களின் பக்கம் போனாள். முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாக, வார்ப்பில் வெடிப்பு இருக்கிறதா என்று கல்லைப் பார்க்கிற பார்வையோடு பார்த்துக்கொண்டே நகர்ந்தாள். பன்னிரண்டாவதில் கிரேன் டிரைவர் தன்னைக் கண்டுபிடித்துவிட்டு, "கண்ணை மூடிட்டேனே!" என்று அலறினார்.

"அப்போ நான் ஆறாவது வாரத்துலேர்ந்துதான் வேலைக்கே வந்தேனா?" என்றாள் அம்மா.

"அம்மா..."

"அந்த வரி பொய்யில்லடி. சரிதான். மத்த நாள்லதான் கடலைப் பார்த்துச் சாப்பிடுவேன். சனிக்கிழமை திரும்பி உக்காந்துக்குவேன். நீ மேல நிப்பியே. 'உன் வேலையைத்தான் எடுக்கறேன்'னு சொன்னே. என்னைத்தான் எடுக்கறேன்னு நினைச்சு, ஆடாம அசையாம உன்னையே பார்த்துட்டு இருந்தேன். பன்னெண்டு வாரமா சனிக்கிழமையில கடலைத் திரும்பிக்கூடப் பார்க்கல."

சோடாபுட்டியின் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்துவிட்டது. அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பதற்குள், அம்மா கோட்டுப் பையிலிருந்து வெள்ளை மார்க்கரை எடுத்திருந்தாள். கற்களுக்கு எண் போடும் மார்க்கர். மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள்.

"ஐயோ, படத்துல கை வைக்காதீங்க!" என்று ஃபிக்ஸர் பாய்ந்தார்.

"விடுங்க சார்" என்றாள் தேர்வாளர்.

அம்மா முதல் படத்தில், மை பரவிக் கிடந்த இடத்துக்கு ஒரு விரல் தள்ளி, மணலில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தாள். "இங்க இல்ல, இங்கதான். அன்னிக்கு இந்த வருஷத்து அம்பத்தி ரெண்டாவது கல்லுக்கு நேரா உக்காந்திருந்தேன்." இரண்டாவது படத்தில் ஒரு புள்ளி. மூன்றாவதில் கொஞ்சம் யோசித்து, கல்லை எண்ணிப் பார்த்து, ஒரு புள்ளி. நான்கு. ஐந்து. ஒன்பது வருடம் சுவர் கட்டியவளுக்கு எந்த வாரம் எந்தக் கல் விழுந்தது என்று மனப்பாடம். ஐந்தாவதில் புள்ளியை வைத்துவிட்டு, ஓரடி பின்னால் வந்து பார்த்து, "இப்போ சரி" என்றாள்.

தேர்வாளர் அந்த ஐந்து புள்ளிகளையும் குனிந்து பார்த்தாள். பிறகு கையிலிருந்த தாளை மடித்துச் சோடாபுட்டியிடம் நீட்டினாள். "படம் பாஸ். எழுத்து ஃபெயில். அஞ்சு நாள் தரேன். சனிக்கிழமைக்குள்ள வேற எழுதிக் கொடு." அடுத்த மாணவியின் உப்பளத்தைப் பார்க்கப் போகும் முன் ஃபிக்ஸர் பக்கம் திரும்பி, "ஆள் இருக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்களா?" என்று கேட்டாள். ஃபிக்ஸர் தரையில் இருந்த சிமெண்ட் தடத்தை அவசரமாக ஆராயத் தொடங்கினார்.

அம்மாவும் மகளும் வெளியே படியில் வந்து நின்றார்கள். கிரேன் டிரைவர் வண்டி எடுக்கப் போயிருந்தார். சோடாபுட்டி தாளைச் சுருட்டி விரித்து, விரித்துச் சுருட்டினாள்.

"இந்தச் சனிக்கிழமை எங்கேம்மா உக்காந்து சாப்பிடுவே?"

"இடம் ஏது? மிச்சம் இருக்கிற ரெண்டடியையும் வெள்ளிக்கிழமை கல்லு போட்டு மூடிடுவோம்." அம்மா மார்க்கர் மூடியைத் திருகி மூடினாள். "உன் மாடியில இடம் இருக்கா?"

"இருக்கு."

"கடல் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"நிழல் இருக்கா?"

"இல்லம்மா."

"அப்போ ஹெல்மெட்டோட வரேன்" என்றாள் அம்மா. அது தெருமுனை வரை கேட்டது.